சீசாவில் வந்த ரோஸ் நிறம்

பெரியார் நகர்,
விருத்தாசலம்.
14 நவம்பர் 2007

திரு. பழமலைநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு தெருக்கள்தான். இருந்தும் தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுத்தில் அது நடக்காது.

சென்ற மாதம் நீங்கள் கொடுத்த கலர் பொட்டலத்தின் மேல் ‘பழைய ரோஸ்’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருந்தது. ஒரு சிறிய பீங்கான் தட்டில் தீட்டி, ராஜமாணிக்கத்தின் கலர் சூளையில் சுட்டு வாங்கினேன். வந்தது ரோஸ் அல்ல, செங்கல் நிறம். அதைக் காட்டத்தான் கடைக்கு வந்தேன். நீங்கள் தட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு பேர் நிற்கும்போது, “மேனேஜரம்மாவுக்கு அந்தக் காலத்துக் கலரெல்லாம் பளிச்சின்னு தெரியும். இன்னிக்கி கலருதான் மங்கலா தெரியுது” என்றீர்கள். நால்வரும் சிரித்தார்கள். என் கண்ணில் குறை எதுவும் இல்லை என்று செப்டம்பர் மாதம்தான் மருத்துவர் சொன்னார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்களிடம் வாங்குகிறேன். ஒரு பொட்டலம் தவறினால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது அப்படிப்பட்ட பொட்டலம் அல்ல. என் தம்பி மகன் கோகுல்ராஜுக்கு ஜனவரி 27ஆம் தேதி சிதம்பரத்தில் கல்யாணம். அத்தை சீராகப் பன்னிரண்டு தட்டுகள் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஓரம் முழுவதும் ரோஜாக் கொடி. பீங்கான் ஆலையில் மேனேஜராக இருந்த கணவரை இழந்தவள் நான். மணமேடைப் பக்கம் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், நானும் போய் நிற்க மாட்டேன். சீர் வரிசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி அந்தத் தட்டுகள்தான் என் இடத்தில் இருக்கும். செங்கல் நிறத்தில் இருக்க நான் விடமாட்டேன்.

கோகுல் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இன்டர்நெட் மூலம் வெளிநாட்டிலிருந்தே கலர் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறான். ஆகவே இனி உங்கள் கடைக்கு வர மாட்டேன். நான் வராததற்குக் காரணம் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சிந்தாமணி

---

கடைவீதி,
விருத்தாசலம்.
17.11.2007

மதிப்பிற்குரிய மேனேஜர் அம்மா அவர்களுக்குப் பழமலைநாதன் வணக்கம்.

தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “ஏண்ணே, நாலு தெரு தள்ளி இருந்து யாராச்சும் தபால் போடுவாங்களா?” என்று கேட்டார். கவர்மென்ட் நோட்டீஸ் என்று சொல்லி அனுப்பினேன்.

அம்மா, நாலு பேரைச் சிரிக்க வைத்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொட்டலத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய ரோஸை வடக்கே குர்ஜாவில் ஒருவர்தான் செய்துகொண்டிருந்தார். அவர் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. கடைக்காரன் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வரக்கூடாது என்று எங்கள் அப்பா வளர்த்தார். “இருக்குது, நாளைக்கி வாங்க” என்போம், “வேற ஒண்ணு பாக்குறீங்களா” என்போம். உங்களிடம் எத்தனை நாளைக்கு ‘நாளைக்கி’ என்பது? கிட்டத்தட்ட இருந்த நிறத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் தட்டோடு வந்து நின்றதும் பயந்துபோய், அந்தப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

குர்ஜாக்காரரின் மருமகன் வீட்டில் பழைய சரக்கு கொஞ்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறேன். ஒரு மாதம் பொறுங்கள். இன்டர்நெட் கலரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் மச்சான் மகன் அப்படித்தான் ஒரு சட்டை வாங்கினான். படத்தில் நீலம், கையில் வந்தபோது கத்திரிப்பூ. சட்டையென்றால் போட்டுக்கொள்ளலாம்.

பணிவுடன்,
பழமலைநாதன்

---

பெரியார் நகர்
7 டிசம்பர் 2007

திரு. பழமலைநாதன் அவர்களுக்கு,

உங்கள் விளக்கத்தைப் படித்தேன். ‘இல்லை’ என்று சொல்வது கடைக்கு ஆகாது என்றால், பொய்யைக் கட்டிக் கொடுப்பது மட்டும் ஆகுமா?

கலர் வந்துவிட்டது. பதினோரு சீசாக்கள். ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயர், எண், பயன்படுத்தும் முறை எல்லாம் அச்சில் இருக்கின்றன. படத்தில் இருந்த ரோஸ்தான் சீசாவிலும் இருக்கிறது. யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. கூரியர் பை சிறியதாக இருக்கட்டும் என்று கோகுல் அட்டைப் பெட்டியையும் அதிலிருந்த தாள்களையும் எடுத்துவிட்டு, சீசாக்களை மட்டும் அனுப்பியிருக்கிறான்.

நேற்று கலர் குழைக்க டர்பன்டைன் வாங்க, வீட்டு வேலைக்கு வரும் ஆராயியை உங்களிடம் அனுப்பியது என் தவறு. அளவுக்காக அவள் ஒரு சீசாவைக் கையில் கொண்டுவந்தாள். டர்பன்டைன் இல்லாமல் திரும்பி வந்து, “அண்ணன் மோந்து பாத்தாருங்கம்மா. இது சூளைக்குப் போற கலரு கெடயாது, தண்ணி வாசன வருதுன்னு சொல்லச் சொன்னாரு” என்றாள்.

சீசாவில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: தீட்டு, ஒரு நாள் உலரவிடு, பிறகு முப்பத்தைந்து நிமிடம் ‘பேக்’ செய், விவரங்களுக்குத் தாளைப் பார். பேக் என்றால் சுடுவது. இந்த ஆங்கிலத்தை நான் கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிப் படித்தேன். ரொட்டி சுடுவதற்கும் அந்தச் சொல்தான், செங்கல் சுடுவதற்கும் அந்தச் சொல்தான். நாற்பது ஆண்டுகளாகத் தட்டு தீட்டுகிறவளுக்கு எந்தத் தாளும் தேவையில்லை. மூக்கால் படிக்கிறவர்கள் எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம்.

சிந்தாமணி

---

கடைவீதி
10.12.2007

மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

எனக்கு ஆங்கிலம் தெரியாது. உங்கள் அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் ராஜமாணிக்கத்தின் சூளை எனக்குத் தெரியும். காலையில் மூடினால் சூடு ஏற மாலையாகிறது. ஆறு மணி நேரம் ஆகிற வேலையை முப்பத்தைந்து நிமிடம் என்று ஒருவன் சீசாவில் எழுதியிருந்தால், அவன் வேறு ஏதோ ஒன்றைச் சொல்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பன்னிரண்டையும் ஒரே தடவையில் வைக்காதீர்கள் அம்மா. ஒரு உடைந்த சில்லில் ஒரே ஒரு இலை தீட்டி முதலில் வைத்துப் பாருங்கள். உங்கள் வேலையில் தலையிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிறகு நீங்கள் கடைக்கு வரவே வேண்டாம். இதை மட்டும் கேளுங்கள்.

பழமலைநாதன்

---

பெரியார் நகர்
29 டிசம்பர் 2007

திரு. பழமலைநாதன் அவர்களுக்கு,

உங்கள் சென்ற கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. சில்லில் தீட்டிப் பார்க்கவும் இல்லை.

தட்டுகள் நேற்று வந்தன. பன்னிரண்டும் வெள்ளை. விரலால் தடவினால் கொஞ்சம் சிவப்புத் தூள் ஒட்டுகிறது, துடைத்தால் அதுவும் போய்விடுகிறது. பதினாறு நாட்கள் உட்கார்ந்து தீட்டினேன். சூடு அதிகமாக வைத்துக் கெடுத்துவிட்டதாக ராஜமாணிக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன்.

அதற்குள் ஆராயி தான் கேட்டதைச் சொன்னாள். தட்டுகளை வாங்கப் போனபோது சூளையடியில் ஒரே சத்தமாம். “பழமல கடைக் கலரு இப்பிடிப் பொகையக் கக்கும்னு எவன் கண்டான்?” என்று ராஜமாணிக்கம் கத்திக்கொண்டிருந்தாராம். “அண்ணன் அங்கதாம்மா நின்னாரு. வாயே தொறக்கல” என்றாள்.

அது உங்கள் கடைக் கலர் அல்ல என்று உங்களுக்குத் தெரியும். சீசாவை முகர்ந்து பார்த்தவர் நீங்கள். பிறகு ஏன் பேசாமல் நின்றீர்கள்? என் மீது இரக்கப்பட்டா? என்னை இரக்கப்படும் நிலையில் யாரும் வைக்க நான் இதுவரை விட்டதில்லை.

உறையை நான் தபாலில் போடவில்லை. முதலில் உங்கள் பதில் வரட்டும்.

சிந்தாமணி

---

கடைவீதி
2.1.2008

மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

இரக்கம் இல்லை அம்மா. உண்மையைச் சொன்னால் நீங்கள் திட்டுவீர்கள், பரவாயில்லை.

அன்றைக்கு உங்கள் தட்டுகளோடு அதே சூளையில் தங்கதுரையின் தங்க விளிம்பு வைத்த கப்புகளும் இருந்தன. திருச்சி ஹோட்டல் ஒன்றுக்குப் போக வேண்டிய சரக்கு. உங்கள் சீசாக் கலர் எரிந்து புகை கட்டியதில் தங்கம் எல்லாம் மங்கிவிட்டது. ராஜமாணிக்கம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனதும், “யோவ் பழமல, மேனேஜரம்மாவுக்கு என்னாத்தய்யா குடுத்த? சூளையா இது, டயரு கொளுத்துன எடமா?” என்றார். என்னுடையது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? “அப்ப எந்தக் கடைது?” அதற்குப் பதில் சொன்னால், மேனேஜர் அம்மா பழமலை கடையை விட்டுப் போய்விட்டார் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கெட்ட கலர் விற்றான் என்கிற பேர் கொஞ்ச நாளில் மறந்துபோகும். நீங்களே விட்டுப் போன கடை என்கிற பேர் போகாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்காகத்தான் மூடினேன், உங்களுக்காக இல்லை.

ஆனால் கணக்குத் தப்பிவிட்டது. என் கடைக் கலரில் தீட்டிய எதையும் சூளைக்குள் விடமாட்டேன் என்று ராஜமாணிக்கம் சொல்லிவிட்டார். இரண்டு பீங்கான் யூனிட்காரர்கள் கலர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது ஆள் நேற்று கடைக்கு எதிரில் சைக்கிளில் போனார், திரும்பியே பார்க்கவில்லை. பொங்கலுக்குள் எப்படியும் சரியாகிவிடும் என்று என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி நல்ல செய்தி. குர்ஜாவிலிருந்து பழைய ரோஸ் வந்துவிட்டது. அசல். நானே சில்லில் சுட்டுப் பார்த்தேன், சிவசங்கரியின் சரக்கோடு வைத்து. அவர் கப்புகளுக்குப் பூ ஸ்டிக்கர் ஒட்டும் யூனிட் நடத்துகிறவர், நல்லவர். உங்கள் தட்டுகளைத் தன் பேரில் சூளைக்குள் வைத்துத் தருகிறேன் என்கிறார். இன்றைக்கு ஆரம்பித்தால் கல்யாணத்துக்கு முன் ஆறு தட்டாவது முடித்துவிடலாம். பொட்டலத்தை ஆராயியிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். பேசாமல் இருந்தால் சீர் நடக்கும்.

பழமலைநாதன்

---

பெரியார் நகர்
8 ஜனவரி 2008

திரு. பழமலைநாதன் அவர்களுக்கு,

பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். அதே ரோஸ்தான்.

ஐந்து நாட்கள் யோசித்தேன். இந்த வயதில் யோசிப்பதே உடம்புக்கு அசதி. நீங்கள் சொன்னபடி செய்திருந்தால் இந்நேரம் மூன்று தட்டுகள் முடிந்திருக்கும். கையில் தூரிகையும் எடுத்தேன். ஆனால் கடைசியில் சீர் வரிசையில் அவற்றைப் பார்த்து யாராவது, “மேனேஜரம்மா கை வேல” என்று சொல்வார்கள். வேறொருவர் பேரில் சூளைக்குள் போய், உங்கள் கடையை மூட வைத்துவிட்டு வரும் தட்டு, என்னுடையது ஆகாது.

இதற்கிடையில் கோகுல் தன் மேசை இழுப்பறையில் அந்தத் தாளைக் கண்டுபிடித்துப் போனில் படித்துக் காட்டினான். பேக் என்பது வீட்டுச் சமையலறையில் கேக் செய்யும் அடுப்புப் பெட்டியாம். நூற்றைம்பது டிகிரி. நம் சூளை எண்ணூறு. நான் ஆங்கிலத்தைத் தவறாகப் படிக்கவில்லை, இந்த ஊர்க்காரியாகப் படித்துவிட்டேன். கான்வென்டில் கிறிஸ்துமஸுக்கு மதர் கேக் சுட்ட அடுப்பு ஒரு நிமிடம்கூட என் நினைவுக்கு வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் சுடுவது என்றால் எனக்குச் சூளை மட்டும்தான் என்று ஆகிவிட்டது. முப்பத்தைந்து நிமிடம் என்று நீங்கள் எழுதியபோதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் யோசிக்கவில்லை.

ராஜமாணிக்கத்துக்கு இன்று எழுதி அனுப்பியதன் நகல் இது:

‘டிசம்பர் 27 அன்று உங்கள் சூளையில் புகை கட்டக் காரணமான கலர் திரு. பழமலைநாதன் கடையில் வாங்கியது அல்ல. அதை நான் இன்டர்நெட் மூலம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அது வீட்டு அடுப்பில் சுட வேண்டிய கலர். பேக் என்ற ஆங்கிலச் சொல்லை நான் சூளை என்று பொருள் கொண்டது தவறு. அந்தக் கலர் சூளைக்கு ஆகாது என்று திரு. பழமலைநாதன் எனக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நான் கேட்கவில்லை. தங்கதுரையின் கப்புகளுக்கு நானே பொறுப்பு. இந்தக் கடிதத்தை எல்லோரும் கேட்கும்படி படிக்கலாம். சிந்தாமணி.’

இதை எழுதிய பிறகு அவர் என் தட்டுகளைச் சூளைக்குள் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஈரம் படாமல் வையுங்கள்.

சிந்தாமணி

---

கடைவீதி
19.1.2008

மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

பொங்கல் கழித்து எழுதுகிறேன். முன்பே எழுத முடியாமல் போனது.

ராஜமாணிக்கம் உங்கள் கடிதத்தைச் சூளை வாசலில் வைத்துப் படித்தார். சூளையில் வேலை செய்யும் பக்கிரி, தங்கதுரை, இன்னும் ஏழெட்டுப் பேர். நானும் இருந்தேன். படித்து முடித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பக்கிரி, “பேக்குன்னா சுடறதுதான? அந்தம்மா இதுல என்னாத்த தப்பாப் படிச்சிச்சி?” என்றார். “பேக்கரி இருக்குதுல்ல, பன்னு சுடுவாங்களே, அந்தச் சூடுய்யா” என்றார் தங்கதுரை. “அப்ப தட்ட பேக்கரிக்கில்ல அனுப்பியிருக்கணும்!” என்றார் பக்கிரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். நானும் சிரித்துவிட்டேன்.

ராஜமாணிக்கம் என் கையைப் பிடித்து, “சொல்லியிருக்கலாம்லய்யா” என்றார். என் கலருக்கு இருந்த தடை போய்விட்டது. ஆனால் உங்கள் தட்டு சித்திரை வரைக்கும் சூளைக்குள் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். “மேனேஜரம்மா மேல மரியாத இருக்குது. தங்கதுரைக்கி நாயம் சொல்லணும்ல” என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. மங்கிய கப்புகளைத் தங்கதுரை இரண்டாம் தரமாகத் தள்ளிவிட்டார். உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்கிறார்.

இன்னொன்று. உங்கள் கடிதம் ஊருக்குள் பரவியதில், வீட்டு அடுப்பிலேயே சுடலாம் என்கிற செய்தி மட்டும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இந்த வாரம் மூன்று பேர் கடைக்கு வந்து, “மேனேஜரம்மா வாங்குன சீசாக் கலரு கெடைக்குங்களா? சூளையே வேணாமாம்ல” என்று கேட்டார்கள். ஒருவர் பேங்க் மேனேஜரின் மனைவி. நீங்கள் என் பேரைக் காப்பாற்றியதில் அந்தக் கலருக்கு விளம்பரம் ஆகிவிட்டது. குற்றம் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

27ஆம் தேதி என்ன செய்யப் போகிறீர்கள்?

பழமலைநாதன்

---

பெரியார் நகர்
31 ஜனவரி 2008

திரு. பழமலைநாதன் அவர்களுக்கு,

அந்த மூன்று பேரும் இன்டர்நெட்டில் வாங்கத்தான் போகிறார்கள். நீங்கள் தடுக்க முடியாது, நான் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அந்தக் கலர் எத்தனை கழுவலுக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அவர்களே கழுவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். சூளைக்கென்று தீட்டுகிறவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அது உங்களுக்குப் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

27ஆம் தேதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணவர் போன இந்தப் பதினாறு ஆண்டுகளில் எங்கள் உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் தட்டோ மேசை விரிப்போ அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்துகொள்வேன். சீர் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள், நான் வந்தேனா என்று யாரும் பார்த்ததில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. இந்த முறை அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் நானே போக வேண்டியதாகிவிட்டது.

சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பஸ். முழங்கால் இன்னும் வலிக்கிறது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணின் பெரியம்மா சொர்ணாம்பாள் ஓடிவந்து, “வாங்கம்மா, நீங்க இப்பிடி ஓரமா ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, காத்து வரும்” என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் எதிர்பார்த்ததுதான். உட்கார்ந்தேன். அந்த ஃபேன் சுற்றவில்லை.

சீர் வரிசை எனக்கு எதிரில்தான் இருந்தது. வெள்ளிக் குடம், மிக்ஸி, பட்டுப் புடவை, பழத்தட்டு. தட்டுகள் இருந்திருந்தால் எந்த இடத்தில் வைத்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் கோகுல் மாலையோடு இறங்கி வந்தான். கூடவே மணப்பெண் அகல்யா. “என்னாலதான அத்த எல்லாம்? நாந்தான அந்தப் பேப்பரத் தூக்கி டிராயர்ல போட்டேன்” என்றான். “தாளைப் பார் என்று சீசாவிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. உன் மேல் தவறு இல்லை” என்றேன். அகல்யா, “அந்த வெள்ளத் தட்டுல சாப்பிடலாங்களா அத்த?” என்று கேட்டாள். தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். “அப்ப எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம்ல?” என்றாள்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துப் போட்டோவுக்கு வரச் சொன்னாள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல அலுப்பாக இருந்தது. படியேறி வரிசையின் கடைசியில், மேடையின் விளிம்பில் நின்றேன். போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, “பெரியம்மா, கொஞ்சம் உள்ள வாங்க, பாதிதான் தெரியறீங்க” என்றார்.

நகர்ந்து நின்றேன்.

சிந்தாமணி